தற்செயல் தேர்தலில் கட்சி மாறிய வார்டு

போன மாதம் ஒரு காலையில் குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தபோது நஸ்ரின் போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் தேர்தல் பிரிவை இப்போது அவள்தான் கவனிக்கிறாள். கவுன்சிலர் ஒருவர் ராஜினாமா செய்துவிட்டாராம். அந்த வார்டுக்கு மட்டும் தேர்தல் நடத்த ஆயத்தம் செய்யச் சொல்லி அவளுக்கு உத்தரவு வந்திருக்கிறது.

"மேடம், எல்லாரும் ஒரே மாதிரி பேசுறாங்க. நடுவுல வர்ற தேர்தல்னா ஆட்சியில இருக்கறவங்க பக்கம்தான் போகுமாம். அப்புறம் எதுக்கு இவ்ளோ பெட்டி, இவ்ளோ டிரெய்னிங்னு கேக்குறாங்க. நெசமாவே சீட்டு கட்சி மாறுமா மேடம்? நீங்க பாத்திருக்கீங்களா?"

"மாறும்மா. அடிக்கடி மாறாது. மாறினா அதுக்கு ஒரு கதை இருக்கும்" என்றேன்.

"சொல்லுங்க, எனக்கு இன்னைக்கு மீட்டிங் எதுவும் இல்ல" என்றாள்.

புளிப் பாத்திரத்தை என் கணவர் வாங்கிக்கொண்டார். நான் பேசி முடிப்பதற்குள் குழம்பு கொதித்து இறங்கி, அவர் சாப்பிட்டும் முடித்திருந்தார். போனை வைக்கும்போது, "இதையெல்லாம் எழுதி வைங்க மேடம்" என்றாள் நஸ்ரின். எழுதுகிறேன்.

சட்டமன்றத்துக்கு நடுவில் வந்தால் அது இடைத்தேர்தல். உள்ளாட்சியில் ஓர் இடம் காலியாகி நடுவில் வந்தால் எங்கள் கோப்புகளில் அதற்குத் தற்செயல் தேர்தல் என்று பெயர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதைப் படித்துவிட்டு, ஏதோ கால் தடுக்கி விழுந்த மாதிரி ஒரு தேர்தலா என்று சிரித்தேன். நாளாக ஆகத்தான் அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது என்று தெரிந்தது. யாராவது இறப்பார்கள், யாருக்காவது வெளிநாட்டில் பேரன் பிறப்பான், யாருக்காவது கட்சி கசந்துபோகும். அந்த வார்டுக்கு மட்டும் திருவிழா தனியாக வந்துவிடும்.

தேர்வு எழுதி இளநிலை உதவியாளராகச் சேர்ந்தேன். என் கணவருக்குப் பெரிய தொழிற்சாலையில் வேலை. கைலாசபுரம் குடியிருப்பில் வீடு. அங்கிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, பஸ் மாறி, காவிரியையும் கொள்ளிடத்தையும் தாண்டிப் போவேன். பயிற்சி என்று சொன்னால், வாக்குப்பெட்டியின் மூடியை விரலை நசுக்கிக்கொள்ளாமல் மூடுவதும், கூட்டல் தப்பாமல் போடுவதும்தான். மற்றதெல்லாம் ஊர் ஊராகப் போய்க் கற்றுக்கொண்டது.

நான் பார்த்த தற்செயல் தேர்தல்களில் பெரும்பாலானவை சப்பென்று முடிந்தவை. அப்பா இறந்தால் பிள்ளை நிற்பார், கணவர் இறந்தால் மனைவி நிற்பார், ஆள் மாறும், கட்சி மாறாது. சில இடங்களில் எதிர்த்து மனுவே வராது. சான்றிதழைக் கையில் கொடுத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். ஆட்சியில் இருப்பவர்கள் பக்கம் போய்விட்டால் ரோடாவது வரும், குழாயாவது வரும் என்று சனங்கள் நினைப்பதில் தப்பும் இல்லை. அதனால் நஸ்ரினிடம் பேசியவர்கள் சொன்னது முழுப் பொய்யல்ல.

முக்கொம்புப் பக்கம் ஒரு வார்டில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அங்கே கட்சி மாறியது, ஆள் மாறவில்லை. வாழைத்தோப்பு வைத்திருந்த ஒரு கவுன்சிலர் தன் கட்சியோடு மனஸ்தாபப்பட்டு ராஜினாமா செய்தார். அடுத்த கட்சியில் சேர்ந்து அதே வார்டில் நின்றார், ஜெயித்தார். பதவி ஏற்க வந்த நாளில் அலுவலக உதவியாளர் அவரைப் பார்த்து, "ஐயா, நாற்காலிய இடம் மாத்திப் போடணுமா, இல்ல நீங்களே மாறி உக்காந்துக்குவீங்களா?" என்று வெகுளியாகக் கேட்டார். கூட்டமே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவர் அந்தக் கவுன்சிலர்தான். வாக்காளர் ஒருவரிடம் நான் காரணம் கேட்டேன். "அவரு எந்தக் கட்சின்னு எங்களுக்குத் தெரியாதுங்க. ராத்திரி பாம்பு கடிச்சா வண்டி எடுக்குறவரு அவருதான்" என்றார்.

ஆளும் மாறி, கட்சியும் மாறிய தேர்தல் ஒன்றை நான் அருகிலிருந்து பார்த்தேன். நஸ்ரினுக்கு நான் நீட்டி முழக்கிச் சொன்னது அதைத்தான்.

அப்போது எங்கள் வட்டார வளர்ச்சி அலுவலர் ரங்கராஜன் சார். ஸ்ரீரங்கத்துக்காரர். தினமும் நெற்றியில் மெல்லிய திருமண்ணோடு வருவார். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சாதாரணமாக எங்களைப்போலத்தான் பேசுவார். ஆனால் எதிரே இருப்பவருக்குக் கோபம் ஏற ஏற, அவருடைய பேச்சில் கோயில் மரியாதை ஏறிக்கொண்டே போகும். மேசையைத் தட்டிக்கொண்டு வருகிற கான்ட்ராக்டரைப் பார்த்து எழுந்து நின்று, "ஸ்வாமி, இப்படி ஏளணும். தேவரீருக்கு என்ன குறை வந்துது?" என்பார். ஏளணும் என்றால் எழுந்தருள வேண்டும் என்று அர்த்தம். திட்ட வந்தவர், ஏதோ சன்னதிக்குள் செருப்போடு நுழைந்துவிட்டவர்போலத் தயங்கி உட்கார்ந்துவிடுவார். இது நடிப்பா, சுபாவமா என்று ஆரம்பத்தில் எனக்குப் புரியவில்லை. சுபாவம்தான். வீட்டிலும் அப்படித்தான் என்று அவர் மனைவி ஒரு தடவை சலித்துக்கொண்டார்.

லால்குடியைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே சில கிராமங்கள் சேர்ந்த வார்டு அது. ஆளுங்கட்சிக் கவுன்சிலராக இருந்தவர் மாரடைப்பில் இறந்துவிட்டார். அதுவரை ஒன்றியத்தில் ஆளுங்கட்சிக்கு ஒரே ஓர் இடம்தான் கூடுதல். அவர் போனதும் இரண்டு பக்கமும் சரிசமமாகிவிட்டது. இந்த வார்டு யாருக்குப் போகிறதோ, ஒன்றியம் அவர்கள் பக்கம் சாயும். அதனால் எல்லோர் கண்ணும் அங்கேதான் இருந்தது.

ஆளுங்கட்சி, இறந்தவரின் மனைவி செல்வராணியை நிறுத்தியது. முப்பத்தைந்து வயது இருக்கும். மனு கொடுக்க வந்தபோது பேரைக் கேட்டால்கூடப் பக்கத்தில் நின்ற ஒன்றியச் செயலாளர் துரைமாணிக்கம்தான் பதில் சொன்னார். அவர் அரிசி மில் வைத்திருந்தவர். கட்சிக்காக உயிரைக் கொடுப்பவர், குரலும் மில் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகியது.

எதிர்க்கட்சி நிறுத்தியது அமலோற்பவத்தை. ஓய்வு பெற்ற கிராம சுகாதார நர்ஸ். அந்த வார்டில் பாதிப் பிள்ளைகளுக்கு முதல் ஊசி போட்டவர் அவர்தான். செல்வராணியின் இரண்டு பிள்ளைகளையும் பிரசவத்தில் கையில் வாங்கியவரும் அவர்தான். மனுப் பரிசீலனை நாளில் இருவரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். துரைமாணிக்கம் செல்வராணியை வேறு பெஞ்சுக்கு வரச் சொல்லிக் கண்ணைக் காட்டினார்.

"அங்க ஃபேன் இல்லண்ணே" என்றார் செல்வராணி. அன்று அவர் சுயமாகப் பேசிய ஒரே வாக்கியம் அது.

ஊரின் குறை ஒன்றுதான். வாய்க்கால் மேலிருந்த பாலம் பழசு, அகலமும் கிடையாது. மினி பஸ் வாய்க்கால் கரையோடு நின்று திரும்பிவிடும். பிள்ளைத்தாய்ச்சிகள் அங்கிருந்து நடக்க வேண்டும். இரண்டு வேட்பாளர்களும் அதைத்தான் பேசினார்கள். வாக்கு கேட்டுப் போகப் போக, செல்வராணிக்கு வாய் திறந்துகொண்டது. கடைசி வாரத்தில் நான் வாக்குச்சாவடி பார்க்கப் போனபோது அவர் மைக் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார். துரைமாணிக்கம் பின்னால் நின்று வெறுமனே தலையாட்டிக்கொண்டிருந்தார். எனக்கு அதைப் பார்க்க மிகவும் பிடித்திருந்தது. அதை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாத வேலை என்னுடையது.

வாக்கு எண்ணும் நாள். எங்கள் அலுவலகக் கூட்ட அரங்கில்தான் எண்ணிக்கை. ரங்கராஜன் சார் தேர்தல் நடத்தும் அலுவலர், நான் உதவி அலுவலர். எல்லோருக்கும் அவர் வீட்டிலிருந்து புளியோதரை வந்திருந்தது. "பசியோட எண்ணினா ஒண்ணு ரெண்டாத் தெரியும். முதல்ல சாப்பிடணும்" என்று எண்ணுகிறவர்களையும் இரண்டு கட்சி முகவர்களையும் உட்கார வைத்தார்.

எண்ணி முடித்துக் கூட்டிப் பார்த்தோம். நான் ஒரு முறை கூட்டினேன். சார் ஒரு முறை கூட்டினார். இருவருக்கும் சமமான வாக்குகள். துரைமாணிக்கம் மறுபடியும் எண்ணச் சொன்னார். எண்ணினோம். அதே சமம். கதவுக்கு வெளியே இரண்டு கட்சிக்காரர்களும் மேளத்தோடு நின்றுகொண்டிருந்தார்கள். யாருடைய மேளம் அடிப்பது என்று தெரியாமல் இரண்டும் சும்மா இருந்தன.

மீதி இருந்தவை ஒரு தட்டில் தனியாக வைத்திருந்த சந்தேக வாக்குகள். அவை செல்லுமா, செல்லாதா என்று தேர்தல் நடத்தும் அலுவலர்தான் முடிவு செய்ய வேண்டும். சார் ஒவ்வொன்றாக எடுத்து இரு பக்கத்து முகவர்களுக்கும் காட்டினார். ஒன்றில் முத்திரையே இல்லை. செல்லாது. ஒன்றில் பேனாவால் "பாலம் எங்கே?" என்று எழுதியிருந்தது. "நியாயமான கேள்வி. ஆனா வாக்குச்சீட்டுல கேக்கப்படாது" என்று அதையும் ஒதுக்கினார். இன்னொன்றில் இரண்டு பெயருக்கும் நேராக அழுத்தமான முத்திரைகள். இரண்டு பெண்களில் யாரையும் நோகடிக்க மனமில்லாத யாரோ ஒருவர். அதுவும் செல்லாது.

கடைசிச் சீட்டு. அதிலும் இரண்டு முத்திரைகள்.

"இதுவும் ரெண்டு குத்துத்தான் சார். தள்ளுங்க. சமம்னு அறிவிச்சுட்டுக் குலுக்கல் போடுங்க" என்றார் துரைமாணிக்கம்.

சார் சீட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு முந்தைய சீட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"ரோசலின் அம்மா, கொஞ்சம் இத பாருங்க" என்று என்னை அழைத்தார்.

வாக்குச்சாவடியில் கொடுக்கிற ரப்பர் முத்திரையில் நான்கு முனைகள் இருக்கும். நான்கும் ஒரே பக்கமாக வளைந்திருக்கும். எல்லோரும் பார்த்ததுதான். ஏன் அப்படி என்று யாரும் யோசிப்பதில்லை. முந்தைய சீட்டில் இரண்டு முத்திரைகளும் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. அதாவது இரண்டு முறை குத்தப்பட்டது. இந்தக் கடைசிச் சீட்டில், அமலோற்பவத்தின் பெயருக்கு நேரே இருந்தது சரியாக வளைந்திருந்தது. செல்வராணியின் பெயருக்கு நேரே இருந்தது கண்ணாடியில் பார்ப்பதுபோல எதிர்ப்பக்கம் வளைந்திருந்தது, கொஞ்சம் மங்கலாகவும் இருந்தது. சீட்டை முதலில் நெடுக்காகத்தான் மடிக்க வேண்டும். அப்படி மடித்தால் மை அதே பெயரின் கட்டத்துக்குள் ஒட்டும். இந்தச் சீட்டைப் போட்டவர் குறுக்காக மடித்துவிட்டார். மை காய்வதற்குள் மேல் பெயரிலிருந்த முத்திரை கீழ்ப் பெயரில் ஒட்டிக்கொண்டது.

அப்போது சாருடைய போன் அடித்தது. எடுத்தார். யார் பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. எதிர்முனையில் நீளமாகப் பேசியது மட்டும் கேட்டது. சார் எழுந்து நின்று கேட்டார். கடைசியில், "தேவரீர் க்ஷமிக்கணும். அடியேன் கையில ஒருத்தரோட வாக்கு இருக்கு. அத வச்சுட்டுத்தான் போன் பேச முடியும்" என்று சொல்லி வைத்துவிட்டார். அவர் அவ்வளவு பணிவாகப் பேசினால் எதிரே இருந்தவர் எவ்வளவு கோபப்பட்டிருப்பார் என்று எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் தெரியும்.

துரைமாணிக்கம் குரலை உயர்த்தினார். "அந்தச் சீட்டுல ரெண்டு குத்து இருந்தா செல்லாதுன்னீங்க. இதுல ரெண்டு இருந்தா செல்லுமா? என்ன சார் நியாயம் இது?"

"ஸ்வாமி, கேள்வி சரிதான். பதிலை அடியேன் சொல்லப்படாது. தேவரீரே சொல்லணும்" என்றார் சார். ஒரு வெள்ளைத்தாளையும் முத்திரையையும் மை டப்பாவையும் கொண்டுவரச் சொன்னார். தாளில் இரண்டு கட்டம் போட்டார். "மேல் கட்டத்துல தேவரீர் கையாலேயே ஒரு குத்து குத்தணும்."

துரைமாணிக்கம் முறைத்தார். பிறகு சட்டைக் கையை ஏற்றிவிட்டுக்கொண்டு ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். மேசை ஆடியது.

"இப்ப குறுக்க மடிச்சு, கொஞ்சம் அழுத்திட்டுப் பிரிக்கணும்."

மடித்தார். மில்லில் அரிசி பார்க்கிற அந்தப் பெரிய உள்ளங்கையால் அழுத்தினார். பிரித்தார். கீழ்க் கட்டத்தில் மங்கலாக, எதிர்ப்பக்கம் வளைந்து இன்னொரு முத்திரை இருந்தது. தாளையும் வாக்குச்சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாறி மாறிப் பார்த்தார். முகவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். அமலோற்பவம் மட்டும் சுவரோரம் உட்கார்ந்து ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

செல்வராணி எழுந்து வந்தார். துரைமாணிக்கத்தின் தோளுக்குப் பக்கத்திலிருந்து இரண்டு தாள்களையும் பார்த்தார். அவர் எதற்காகவும் அவசரப்படவில்லை. அந்தத் தேர்தலில் ஜெயிக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது என்பது அந்த முகத்தில் தெரிந்தது. கடைசி வாரத்தில் மைக்கில் பேசிய பெண் அவர். சமம் என்று விட்டால் குலுக்கலில் பாதி வாய்ப்பு அவருக்கு இருந்தது.

"அண்ணே, அந்த ஓட்டு அக்காவுக்குப் போட்டதுண்ணே" என்றார்.

"நீ சும்மா இரும்மா."

"நீங்கதானண்ணே குத்தினீங்க. ஒருத்தருக்குத்தான குத்தினீங்க. ரெண்டு வந்துச்சில்ல?"

துரைமாணிக்கம் நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "செல்லும்னு எழுதிக்குங்க சார்" என்றார். மில் சத்தத்துக்கு மேலே பேசுகிற அந்தக் குரல் அவ்வளவு மெதுவாக வந்து நான் கேட்டது அப்போதுதான்.

ஒரு வாக்கில் அமலோற்பவம் ஜெயித்தார். வார்டு கட்சி மாறியது. வெளியே எதிர்க்கட்சி மேளம் அடிக்கத் தொடங்கியது. சான்றிதழை வாங்கிய அமலோற்பவம் நேராகச் செல்வராணியிடம் போனார். என்ன சொல்வாரோ என்று எல்லோரும் பார்த்தோம். "புள்ளைங்க ஸ்கூல் விட்டு வந்துருக்குமேடி. சாப்பாட்டுக்கு என்ன வச்சிட்டு வந்த?" என்றார். செல்வராணிக்கு அதுவரை அடக்கிவைத்த அழுகை வந்துவிட்டது. அழுகையோடு சிரிப்பும் வந்தது. இருவரும் போகிறபோது பாத்திரத்தில் மிச்சமிருந்த புளியோதரையைப் பிள்ளைகளுக்காகக் கட்டிக் கொடுத்தார் ரங்கராஜன் சார்.

அடுத்த வாரமே ஒன்றியம் கவிழும் என்று ஊரெல்லாம் பேச்சு. முதல் கூட்டத்தில் அமலோற்பவம் எழுந்தார். ஆளுங்கட்சியைச் சேர்ந்த ஒன்றியத் தலைவரைப் பார்த்து, "எங்க வாய்க்கால் பாலத்தைத் தீர்மானத்துல முதல்ல போடுங்க தம்பி. அன்னைக்கு என் கை உங்க பக்கம் தூக்கும். அடுத்ததுக்குத் தூக்குமா இல்லையான்னு அடுத்தத பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். அவருடைய கட்சிக்காரர்களே திகைத்துப்போனார்கள். தலைவருக்கும் சின்ன வயதில் அம்மை ஊசி போட்டவர் அமலோற்பவம்தான் என்பதால் அவரால் மறுத்துப் பேச முடியவில்லை. ஒன்றியம் கவிழவில்லை. கல்லும் ஜல்லியும் வாய்க்கால் கரையில் வந்து இறங்கின.

பாலம் திறந்த நாளில் நானும் சாரும் போயிருந்தோம். ரிப்பன் வெட்ட வேண்டிய தலைவர் வேறு எங்கோ விழாவில் மாட்டிக்கொண்டார். மினி பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார். "எனக்கு டிரிப் டைம் ஆச்சுங்க. லால்குடியில ஆளுங்க நிக்குறாங்க" என்றார். செல்வராணி போய் ரிப்பனின் முடிச்சை அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். வெட்டாமலேயே பாலம் திறந்தது. பஸ் முதன்முறையாக ஊருக்குள் போனது. அதற்குள் ஒரு கர்ப்பிணிப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து எங்களுக்குக் கை காட்டிக்கொண்டு போனாள். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்த சாதாரணத் தேர்தலில் முழங்கால் வலி என்று அமலோற்பவம் நிற்கவில்லை. செல்வராணி மறுபடியும் நின்றார். மனு கொடுக்க வந்தபோது துரைமாணிக்கம் வாசலிலேயே நின்றுகொண்டார். பேர் என்ன, வயது என்ன, எல்லாவற்றுக்கும் செல்வராணியே பதில் சொன்னார். எண்ணிக்கையில் எந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை. வார்டு பழையபடி கட்சி மாறியது.

சான்றிதழ் கொடுத்துவிட்டு நாங்கள் வெளியே வந்தபோது கட்சிக்காரர்கள் பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தார்கள். துரைமாணிக்கம் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. "போன சீட்ட மீட்டுட்டோம் மேடம், போன சீட்ட மீட்டுட்டோம்" என்று என்னிடம் சொன்னார். நடவு வேலையிலிருந்து அப்படியே சேற்றுக்காலோடு வந்திருந்த ஓர் அம்மாள் பக்கத்தில் நின்றிருந்தார். அந்த வார்டின் வாக்காளர். அவர் துரைமாணிக்கத்தை மேலும் கீழும் பார்த்தார்.

"அது எங்கங்க போச்சு?" என்றார். "எங்க சீட்டு எங்ககிட்டதான இருந்துச்சு."